தன் குழுவினனைத் தானே அடிப்பது: எல்லைக்கோடு எங்கே?



காற்பந்தாட்டத்தைப் பற்றி எழுதுவதற்குக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் சனி, ஞாயிறு இரவுகளில் நம்மவர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். இங்கிலாந்துக் குழுக்களின் ஆட்டத்தைத் திரையில் பார்க்க நடுநிசி தாண்டியும் கூட்டம் கலைவதில்லை. நம் பிள்ளைகளும் கடைச் சிப்பந்திகளும் ஓய்வு நாளில் திடலில் இறங்கி ஆடுகிறார்கள். அவர்களுக்குச் சட்டையும் பந்தும் வாங்கிக் கொடுப்பவர்களில் நாமும் இருக்கிறோம். ஆகவே, அந்த ஆட்டத்தில் எழும் ஒரு கேள்வியை ஊன்றிக் கவனிப்பது நமக்குப் பிரயோஜனமுள்ள பாடமாகும்.

எதிர்க்குழுவினனை அடிப்பது தவறு என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஒரே சட்டை போட்ட இருவர் தங்களுக்குள் சண்டையிட்டால் பலருடைய பேச்சு மாறிவிடுகிறது. "இது வீட்டுச் சண்டை, விட்டுவிடுங்கள்" என்பார் ஒருவர். "வேகம் உள்ளவனுக்குத்தான் கோபம் வரும், இது நல்லதுதான்" என்பார் மற்றொருவர். "ஒருவரும் வாயைத் திறக்கவே கூடாது" என்பார் மூன்றாமவர். இம்மூன்று அபிப்பிராயங்களிலும் குறை உண்டு என்பது என் எண்ணம். எதுவரை பொறுக்கலாம், எங்கே கோடு போட வேண்டும் என்பதை நடந்த சம்பவங்களைக் கொண்டே ஆராய்வோம்.

1. ஆட்டச் சட்டம் சொல்வது

காற்பந்தாட்டச் சட்டங்கள் மொத்தம் 17. அவற்றில் 12ஆவது சட்டம் தவறுகளையும் தண்டனைகளையும் பற்றியது. அளவுக்கு மீறிய பலத்தைப் பிரயோகிப்பது வன்செயல் என்றும், அதற்குச் சிவப்பு அட்டை என்றும் அது கூறுகிறது. எதிர்க்குழுவினனை மட்டும் அது குறிப்பிடவில்லை. தன் குழுவினன், குழு அதிகாரி, நடுவர், பார்வையாளர், வேறு எவராயினும் சரி, எல்லாரையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறது. ஆகவே, "எங்கள் ஆளைத்தானே அடித்தேன்" என்ற வாதம் நடுவரிடம் செல்லாது.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அடி மேலே பட்டிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஓங்கிய கை குறி தவறினாலும் குற்றம் குற்றமே. இரண்டாவது, பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஒருவன் தன் குழுவினனைத் தன் பெனால்டி எல்லைக்குள் அடித்தால், அவனை வெளியேற்றுவதோடு எதிர்க்குழுவுக்குப் பெனால்டியும் கிடைக்கும். இரு சகோதரர் வீட்டுக்குள் அடித்துக்கொள்ள, வீட்டுச் சாவி அயலான் கைக்குப் போவது போன்றது இது.

ஒரு குழுவில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடர முடியாது என்பதும் சட்டம். இதையும் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வருவோம்.

2. நியூகாசல் போட்ட நஷ்டக் கணக்கு

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி, நியூகாசல் யுனைட்டெட் குழு தன் சொந்தத் திடலில் ஆஸ்டன் வில்லாவை எதிர்த்து ஆடியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. நியூகாசல் 0-3 என்று பின்தங்கியிருந்தது. அதன் ஆட்டக்காரர் ஸ்டீவன் டெய்லர் பந்தைக் கையால் தடுத்ததற்காக முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தார். அந்நேரத்தில் லீ பௌயர், கீரன் டையர் என்ற இரு நியூகாசல் ஆட்டக்காரர்கள் திடலின் நடுவில் ஒருவரையொருவர் அடிக்கத் தொடங்கினார்கள். பந்தைத் தனக்குத் தரவில்லை என்பது பௌயருக்கு மனத்தாங்கல். அவர்களைப் பிரித்துவிட ஓடிவந்தவர்களில் எதிர்க்குழுவைச் சேர்ந்த கேரத் பேரியும் ஒருவர். தன் வீட்டுச் சண்டையைத் தீர்க்க எதிர்க்கடைக்காரர் வர நேர்ந்ததைப் போன்ற அவமானம் அது.

நடுவர் இருவருக்கும் சிவப்பு அட்டை காட்டினார். நியூகாசலில் மிஞ்சியவர்கள் எட்டுப் பேர். இன்னும் இருவர் குறைந்திருந்தால் ஆட்டமே நின்றிருக்கும்.

வியாபாரிகளான நாம் ஒரு காரியத்தின் லாப நஷ்டத்தை எழுதிப் பார்ப்பது வழக்கம். இதையும் எழுதிப் பார்ப்போம். குழு நிர்வாகம் பௌயருக்கு ஆறு வாரச் சம்பளத்தை அபராதமாக விதித்தது. உத்தேசம் 2 லட்சம் பவுண்டு என்று அப்போது சொல்லப்பட்டது. இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் வேறு 30,000 பவுண்டு அபராதம் விதித்து, ஆடக்கூடாத தடையையும் நீட்டியது. அதே மாதம் 17ஆம் தேதி நடந்த இங்கிலாந்துச் சங்கக் கிண்ண அரையிறுதியில் இருவரும் ஆட முடியவில்லை. மான்செஸ்டர் யுனைட்டெட் 4-1 என்று நியூகாசலைத் தோற்கடித்தது. அத்தோடும் விஷயம் முடியவில்லை. 2006ஆம் ஆண்டில் பௌயர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 600 பவுண்டு அபராதமும் 1,000 பவுண்டு செலவுத் தொகையும் செலுத்தினார்.

வரவுப் பக்கத்தில் எழுத ஏதாவது உண்டா? ஒரு காசும் இல்லை. பந்து வராத குறையும் தீரவில்லை.

இங்கே டையரின் நிலையையும் யோசிக்க வேண்டும். சண்டையைத் தொடங்கியவர் பௌயர்தான் என்று பார்த்தவர்கள் பலர் கூறினார்கள். ஆயினும் டையரும் கையை நீட்டியதால் அவரும் வெளியேற்றப்பட்டார். 1994இல் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் குழுவில் இதைவிடக் கொடியது நடந்தது. சீசன் தொடங்குமுன் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில் கிரேக் லெவீன் தன் குழுவினரான கிரேம் ஹாகின் மூக்கை ஒரே குத்தில் உடைத்தார். தூக்குப் படுக்கையில் கொண்டுபோகப்பட்ட ஹாகுக்கும் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. அவரும் சண்டையில் சேர்ந்தவரே என்பதுதான் காரணம். பதிலுக்குப் பதில் என்று இறங்குகிறவர், அடியையும் வாங்கித் தண்டனையையும் வாங்குகிறார்.

3. கை நீட்டாமல் நின்றவர்கள்

இதற்கு மாறான இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். 2008 டிசம்பர் 28ஆம் தேதி, ஸ்டோக் சிட்டி குழு வெஸ்ட் ஹாம் திடலில் 1-0 என்று முன்னணியில் இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கியதும் வெஸ்ட் ஹாம் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. கோல் விழுந்தது யாருடைய தவறு என்று ஸ்டோக் ஆட்டக்காரர்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. ரிக்கார்டோ ஃபுல்லர் தன் தலைவரான ஆண்டி கிரிஃபினைக் கன்னத்தில் அறைந்தார். கிரிஃபின் திருப்பி அடிக்கவில்லை. ஃபுல்லர் மட்டும் வெளியேறினார். பத்துப் பேராய் நின்ற ஸ்டோக், ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொரு கோலை வாங்கி 1-2 என்று தோற்றது.

2025 நவம்பர் 24ஆம் தேதி, மான்செஸ்டர் யுனைட்டெட் திடலில் எவர்ட்டன் ஆடியது. 13ஆவது நிமிடத்திலேயே எவர்ட்டனின் இத்ரிசா கேய்க்கும் மைக்கேல் கீனுக்கும் வாக்குவாதம். கீன் தள்ளினார், கேய் முகத்தில் அறைந்தார். கேய்க்குச் சிவப்பு அட்டை. கீன் தொடர்ந்து ஆடினார். ஆனால் இம்முறை பத்துப் பேரோடு ஆடிய எவர்ட்டன் 1-0 என்று வென்றுவிட்டது. கேய் பின்னர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஒரு குழு தோற்றது, ஒரு குழு வென்றது. சட்டமோ இரண்டு இடத்திலும் ஒன்றாகவே நடந்துகொண்டது. ஆட்டத்தின் முடிவைப் பார்த்து அறையை எடைபோடக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. பொய்த் தராசு வைத்தவனுக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம் ஆயிற்று என்பதால் தராசு மெய்யாகிவிடுமா? எவர்ட்டன் வென்றது எஞ்சிய பத்துப் பேரும் எண்பது நிமிடம் ஓடிய ஓட்டத்தால். அறையால் அன்று.

4. சொல்லுக்கு எவ்வளவு இடம்?

அப்படியானால் வாயைத் திறக்கவே கூடாதா? அதுவும் சரியன்று. ஆட்டத்தில் ஒருவர் மற்றவரை அதட்ட வேண்டிய சந்தர்ப்பம் அடிக்கடி வரும். "உன் ஆளை விட்டுவிட்டாய்", "பின்னால் ஓடிவா", "பந்தைக் கொடு" என்று சத்தம் போடாவிட்டால் கோல் விழும். கோல்காப்பாளர்கள் ஓயாமல் கத்துவது கோபத்தால் அல்ல. முழுத் திடலும் அவர்கள் கண்ணுக்கு முன் தெரிவதால் எச்சரிக்கிறார்கள்.

2020 ஜூலை 6ஆம் தேதி, டாட்டன்ஹாம் குழுவின் கோல்காப்பாளரும் தலைவருமான ஹ்யூகோ லோரிஸ், இடைவேளைக்கு வெளியே வரும்போது தன் குழுவின் சோன் ஹியுங்மினிடம் ஓடிப்போய்ப் பாய்ந்தார். சற்று முன் எதிரி தாக்கியபோது சோன் பின்னால் ஓடிவந்து உதவவில்லை என்பது அவருடைய குறை. பேச்சோடு நில்லாமல் ஒரு தள்ளும் தள்ளினார். மற்ற ஆட்டக்காரர்கள் இடையில் புகுந்து பிரித்தார்கள். நடுவர் எவரையும் வெளியேற்றவில்லை. எவர்ட்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தை டாட்டன்ஹாம் 1-0 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ, குழு முன்னேறுவதற்கு இது அவசியம் என்ற கருத்தில் பாராட்டியே பேசினார்.

இச்சம்பவத்தில் பாராட்டத்தக்கதும் உண்டு, பயப்படத்தக்கதும் உண்டு. லோரிஸின் குறை ஆட்டத்தைப் பற்றியது. சோனுடைய பிறப்பையோ வீட்டையோ அவர் குறை சொல்லவில்லை. அன்றைக்கே பேசித் தீர்த்தும் விட்டார்கள். இவை பாராட்டத்தக்கவை. அந்தத் தள்ளுதல்தான் பயப்படத்தக்கது. எவர்ட்டனில் அறைக்கு முன்னால் வந்ததும் ஒரு தள்ளுதலே. டாட்டன்ஹாமில் நடுவில் ஆள் வந்தது, எவர்ட்டனில் கை முந்திவிட்டது. வித்தியாசம் அவ்வளவே.

ஆகவே சொல்லை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். செய்த வேலையைப் பற்றிய சொல் முதலாவது: "ஏன் பந்தைக் கொடுக்கவில்லை?" இதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஆளைப் பற்றிய சொல் இரண்டாவது: "நீ எதற்கும் உதவாதவன்." இதைத் தலைவர் உடனே அடக்க வேண்டும். குடும்பத்தையும் இனத்தையும் நிறத்தையும் இழுக்கும் சொல் மூன்றாவது. கை நீட்டுவதற்கு ஒப்பாக அதைக் கருதி, சொன்னவனை அப்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான அடிதடி முதல் வகையில் தொடங்கி, இரண்டாவதில் சூடேறி, மூன்றாவதில் வெடிக்கிறது.

5. கோட்டை எங்கே போடுவது?

ஆட்டச் சட்டத்தின் கோடு வன்செயலில் இருக்கிறது. லேசான தள்ளுதலுக்கு நடுவர் அட்டை காட்டாமல் விடலாம். ஆனால் குழுவை நடத்துகிறவர்கள் அந்தக் கோட்டையே தங்கள் கோடாக வைத்துக்கொள்வது புத்தியாகாது. கிணற்றுக்கு வேலி போடுகிறவன் விளிம்பின் மேலேயே போடுவதில்லை. நாலடி தள்ளித்தான் போடுகிறான். குழுவின் கோடும் அப்படியே சட்டத்தின் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். கோபத்தில் கை மற்றவன் மேல் படுவதே எல்லை. அடியோ, அறையோ, தள்ளோ, சட்டையைப் பிடித்து இழுப்பதோ, எல்லாம் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான். "மெதுவாகத்தான் தள்ளினேன்" என்று அளந்து பார்க்க ஆரம்பித்தால், ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு படி இருக்கும்.

"வேகம் போய்விடும், ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்" என்று சிலர் வாதிப்பார்கள். அவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். 1995 நவம்பர் 22ஆம் தேதி, அவ்வாண்டு இங்கிலாந்துச் சாம்பியனான பிளாக்பர்ன் ரோவர்ஸ் குழு மாஸ்கோ நகரில் ஸ்பார்டக் குழுவோடு ஆடியது. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே டேவிட் பாட்டியும் கிரேம் லெ சோவும் ஒரே பந்துக்கு ஓடி மோதிக்கொண்டார்கள். வாய் முற்றியது. லெ சோ குத்தினார். குத்திய கையிலேயே எலும்பு முறிந்தது. பிளாக்பர்ன் 0-3 என்று தோற்றது. இருவருக்கும் வேகம் குறைவா? இல்லை. ஒரே பந்துக்கு இருவர் ஓடியதே வேகத்தால்தான். அந்த வேகத்தை எதிரியின் மேல் செலுத்த ஆளில்லாமற் போயிற்று.

6. பயிற்சித் திடல்

ஆட்ட நாளில் நடுவரும் பார்வையாளரும் இருக்கிறார்கள். பயிற்சியில் அவர்கள் இல்லை. ஆகவே அங்கே நடப்பதை மூடி மறைப்பது சுலபம். அங்கேதான் கோடு அதிகம் தேவை. 1998இல் வெஸ்ட் ஹாம் பயிற்சியில் ஜான் ஹார்ட்சன் தன் குழுவினரான எயால் பெர்கோவிச்சின் முகத்தில் உதைத்தார். புகைப்படக் கருவி பார்த்துவிட்டதால் அது உலகறிந்த செய்தியாயிற்று. 2007 மே மாதத்தில் மான்செஸ்டர் சிட்டி பயிற்சியில் ஜோயி பார்ட்டன் தன் குழுவினரான உஸ்மான் டாபோவை முகத்தில் காயம் உண்டாகும்படி அடித்தார். வழக்கு நீதிமன்றம் போயிற்று. 2008இல் அவருக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக விதிக்கப்பட்டது. காற்பந்துச் சங்கமும் 12 ஆட்டத் தடை விதித்தது. அதில் பாதி நிறுத்திவைக்கப்பட்டது. திடலைச் சுற்றிப் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்குள் நாட்டுச் சட்டம் நுழையாது என்று எவரும் நினைக்க வேண்டாம்.

7. கோடு போட வேண்டியவர் யார்?

குழுத் தலைவரும் பொறுப்பாளரும். அதுவும் சீசன் தொடங்குமுன், எல்லாருடைய மனமும் குளிர்ந்திருக்கும்போது. சண்டை நடந்த பிறகு போடும் கோடு, சண்டையிட்டவன் முகத்தைப் பார்த்து வளையும். நன்றாகக் கோல் போடுகிறவன் அடித்தால் "பாவம், கோபக்காரன்" என்பதும், மாற்று ஆளாக உட்கார்ந்திருப்பவன் அடித்தால் "ரவுடி" என்பதும் நாம் காணாததல்ல. குழுவைக் கெடுப்பது அடியைவிட இந்தப் பாரபட்சமே. அடி வாங்கியவன் காயம் ஆறிவிடும். நியாயம் கிடைக்காதவன் அடுத்த வாரம் பயிற்சிக்கு வரமாட்டான். அவனோடு இன்னும் இருவர் வரமாட்டார்கள்.

நம் இளைஞர்களின் குழுக்களுக்கு ஏற்றவை என்று நான் கருதும் விதிகள் பின்வருமாறு:

(அ) ஆட்டத்தைப் பற்றி எதையும் கேட்கலாம். திடலில் இரண்டொரு வார்த்தைதான். மற்றதை இடைவேளையில் கேட்க வேண்டும்.

(ஆ) குரல் உயர்ந்தால் அருகில் இருக்கும் மூன்றாமவர் நடுவில் வந்து நிற்க வேண்டும். வேடிக்கை பார்ப்பது அவருடைய தவறாகக் கருதப்படும்.

(இ) கோபத்தில் கை பட்டால், யாராயினும், நடுவர் பார்க்காவிட்டாலும், உடனே வெளியே எடுக்க வேண்டும். அடுத்த ஆட்டமும் கிடையாது. காயம் உண்டானால் அந்த சீசன் முழுவதும் கிடையாது.

(ஈ) அடி வாங்கியும் கை தூக்காதவனுக்குத் தண்டனை இல்லை. அவனைக் "கோழை" என்று எவரும் சொல்லக் கூடாது.

(உ) எல்லார் முன்னிலையிலும் அடித்தவன் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். தனியே கைகுலுக்கிக்கொள்வது போதாது.

(ஊ) சண்டைக்குக் காரணமான குறையை ஒரு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். பந்து தராததுதான் குறையென்றால், அது உண்மையா என்று பார்க்க வேண்டும். தண்டனை கொடுத்துவிட்டுக் காரணத்தை அப்படியே விட்டால் அது மறுபடி முளைக்கும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ரொட்டி போடுகிறவரும் தண்ணீர் கலக்குகிறவரும் வாடிக்கைக்காரர் நிறைந்திருக்கும் நேரத்தில் வாய்ச்சண்டை போட்டால், நாம் முதலில் நியாயம் விசாரிப்பதில்லை. ஒருவரைப் பின்கட்டுக்கு அனுப்பி வைக்கிறோம். கூட்டம் குறைந்த பிறகு இருவரையும் கூப்பிட்டுக் கேட்கிறோம். கேட்காமலே விட்டால் மாத முடிவில் ஒருவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார். கூட்டு வியாபாரத்தில் பங்காளிகளுக்குள்ளும் இதே கதைதான். கணக்கைப் பற்றிய கேள்வி கேள்வியாக இருக்கும்வரை கடை பிழைக்கும். அது ஆளைப் பற்றிய பேச்சாக மாறிய நாளிலிருந்து கடையில் பலகை போடும் நாள் எண்ணப்படுகிறது.

"வீட்டுச் சண்டைதானே" என்பது மன்னிப்புக்குக் காரணமாகாது. எதிரியிடம் அடி வாங்கினால் நம்மோடு பத்துப் பேர் நிற்பார்கள் என்ற தைரியம் உண்டு. அந்தப் பத்துப் பேரில் ஒருவனே அடித்தால் எவனை நம்பி ஆடுவது? ஆகையால் சொந்தக் குழுவில் விழும் அடியைக் குறைத்து எடைபோடாமல், சற்றுக் கூட்டியே எடைபோட வேண்டும்.

அடுத்த சீசனுக்குச் சட்டை தைக்கக் கொடுக்குமுன், இளைஞர்களையும் பொறுப்பாளர்களையும் ஒரு மாலை உட்கார வைத்து இந்த ஆறு விதிகளையும் வாசித்துக் காட்டுங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் அவர்களையே செய்யச் சொல்லி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தாங்களே போட்ட கோட்டைத் தாண்ட அவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார்கள்.